நான்கு நொடி

பதினொன்றாவது கேமராவை மாட்டப் போனபோது
இரும்பு ஏணியைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.
சித்திரை. பேரணாம்பட்டு.
சுண்ணாம்புக் குழியின் வாடை
முதல் ஒரு மணி நேரம் மூக்கில் இருந்தது,
பிறகு சட்டையில்,
பிறகு நானே அதுவாகிவிட்டேன்.

ஏணியின் காலைப் பிடித்திருந்த முனிரத்தினம் கேட்டார்:
"இதுல நிக்கிறது பட்டணத்துல தெரியுமாமே, நெசமா?"
தெரியும்.
"நான் கொட்டாவி விட்டாகூடமா?"
வெளிச்சம் இருந்தால்.
"ராவுல?"
ராவிலும்தான், கறுப்பு வெள்ளையில்.
ஏணியை விட்டுவிட்டுத்
தன் பிளாஸ்டிக் நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கம்பி இழுப்பது எளிது.
படத்தை ஊருக்கு வெளியே அனுப்புவதுதான் பாடு.
ரௌட்டருக்குள் புகுந்து
ஐந்நூற்று ஐம்பத்து நான்காம் கதவைத் திறந்து வைத்தேன்.
வெளியிலிருந்து ஒருவரும் தட்டவில்லை.
கேபிள்காரனுக்குப் போன் போட்டால்
"நம்ம லைன்ல தனித்தனியா நம்பர் கெடையாதுண்ணா,
தெருவுக்கே ஒண்ணுதான்" என்கிறான்.
தெரு முழுக்க ஒரே விலாசம்.
தபால்காரராக இருந்தால் வேலையை விட்டிருப்பார்.
ஆகவே சுற்றுவழி:
இங்கிருந்து கடல் தாண்டி யாருடையதோ ஒரு சர்வர்,
அங்கிருந்து திரும்பிப் பெரியமேட்டில்
ஜக்கரியா சாயபுவின் உள்ளங்கை.
ஒரு பஸ் டிக்கெட் தூரத்துக்குப்
பாதி உலகம்.
போய்ச்சேர நான்கு நொடி.

"யாரையாவது முன்னால நடக்கச் சொல்லுங்க தம்பி,
வருதான்னு பாப்போம்."

ஈரத்தோலைத் தோளில் போட்டு
அஞ்சலாட்சி முற்றத்தைக் கடந்தாள்.
தோலை இறக்கினாள், நிழலுக்குப் போனாள்,
பாட்டில் மூடியைத் திருகினாள்.
"வருது, வருது!" என்றார் சாயபு போனில்,
"ஒரு பொம்பள தோல் தூக்கிட்டு வருது."
இங்கே அவள் தொண்டையில் தண்ணீர் இறங்குகிறது.
அங்கே இன்னும் சுமக்கிறாள்.
அவளிடம் சொன்னேன்.
"அப்ப அந்த நாலு நொடிக்கும் கூலி உண்டா?" என்றாள்.

இரவு இரண்டு மணி, காட்பாடி, மொட்டைமாடியில் என் பாய்.
போன்.
"ஒம்பதாம் கேமராவுல யாரோ இருக்காங்க தம்பி,
வெள்ளையா, கயிறு மாதிரி ஆடுது."
திறந்து பார்த்தேன்.
சிலந்தி.
அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும் என்று
கண்ணுக்கு நேரே வலை கட்டுகிறது.
இழைக்கு ஒரு மணி
பெரியமேட்டில் அடிக்கிறது.
துடைப்பத்தோடு வந்தார் முனிரத்தினம்,
திரை முழுக்க முகம், கண்கள் இரண்டு வெள்ளிக் காசு.
கேமராவுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் துடைத்தார்.

சாயபு தூங்கப் போனார். நான் மூடவில்லை.
கொடியில் தோல்கள். ஒரு நாய்.
மூன்றாம் கேமராவில் மூடாத குழாய்.
முனிரத்தினம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
ஐந்திலிருந்து ஆறுக்கு வந்தார், ஆறிலிருந்து ஏழுக்கு,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
எதிலும் இல்லாமல் போனார்.

பாய்லர் அறையின் பின்சுவர், நாலடி அகலம்.
கோணம் வைத்தவன் நான்.
கை தவறியா என்று கேட்காதீர்கள்.

பிறகுதான் உறைத்தது,
என்ன உரிமையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?
கடவுச்சொல் இன்னும் பெட்டியோடு வந்ததேதான்,
ஒன்றிலிருந்து எட்டு வரை, வரிசையாக,
எண்ணத் தெரிந்த எவனும் உள்ளே வரலாம்.

காலையில் அழைத்தேன்: மாற்றுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள்.
"உங்களுக்குத் தெரியாம எப்படிப்பா?"
தெரியாமல்தான் சாயபு.
ஒவ்வொரு எழுத்தாக அவர் அழுத்தும் சத்தம் கேட்டது.
என் திரையில் முற்றம் அப்படியே இருந்தது,
ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்,
அஞ்சலாட்சி கேட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்,
மறு காலைத் தூக்கினாள்

கறுப்பு.